டோக்கன் அக்காவின் கறுப்புப் புத்தகம்

அந்த அக்காவுக்கு ஆளின் முகம் நினைவில் நிற்காது. கால்தான் நிற்கும். போன வாரம் செருப்பு வைத்துவிட்டுப் போனவர் மறுபடி வந்தால், பாதத்தைப் பார்த்துவிட்டு, "போன சனிக்கிழமையும் வந்தீங்கல்ல?" என்பார். வந்தவருக்குப் பெருமையாக இருக்கும். தன் முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டதாக நினைத்துக்கொண்டு போவார்.

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் போகிற வழியில், செருப்பும் பையும் வாங்கி வைக்கிற ஒரு தகரக் கொட்டகையில் அக்கா இருந்தார். நான் அங்கே ஒன்பது மாதம் வேலை பார்த்தேன். ஒரே ஊரில் ஒன்பது மாதம் என்பது எனக்கு அதிகம். அதற்கு முன்னால் நாமக்கல்லில் முட்டை லாரி, பெங்களூரில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது, நடுவில் வெறுமனே ரயில். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. திருச்சியில் இறங்கியதற்குக் காரணம், டிக்கெட் பரிசோதகர் இறக்கிவிட்டதுதான். ஸ்ரீரங்கம் வந்தது, கோயிலில் மதியம் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் வாசலில் விட்ட என் செருப்பைக் காணோம். சித்திரை மாதத்து வெயில். தரையில் கால் வைக்க முடியவில்லை. ஓடி வந்து இந்தக் கொட்டகை நிழலில் ஒதுங்கினேன்.

பின்பக்கம் ஒரு அலமாரி முழுக்கத் தூசி படிந்த செருப்புகள் இருந்தன.

"அக்கா, அங்க சும்மாதானே கிடக்கு. ஒரு ஜோடி குடுங்களேன்."

"சும்மா இல்ல தம்பி. எல்லாம் ஆள் இருக்கிற செருப்பு."

"எப்ப வருவாங்க?"

"வரும்போது வருவாங்க. நீ சாக்கு மேல நில்லு, கால் வெந்துடும்."

அன்று சாயங்காலம், பை வாங்கி வைக்க ஆள் வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டதும் அதே அக்காதான். வேலை கொடுத்தார். செருப்பு கொடுக்கவில்லை. முதல் வாரக் கூலி வரும்வரை வெறுங்காலோடுதான் பை தூக்கினேன்.

அவர் பெயரை நான் கேட்டதில்லை. எல்லாரும் டோக்கன் அக்கா என்றார்கள். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். திருச்சி பாலக்கரையில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். காலையில் முதல் பஸ்ஸில் வருவார், இரவு எட்டு மணிக்குக் கடைசியாகப் பூட்டிவிட்டுப் போவார். லீவு போட்டுப் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தும் அதில் உட்கார மாட்டார். ஒரு பலகையைத் தரையில் போட்டு, வருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே தன் முகம் இருக்கிற மாதிரி உட்காருவார். அவரிடம் பேசுகிறவர்கள் குனிந்துதான் பேச வேண்டும்.

'விட்டுட்டுப் போயிட்டாங்க' என்று மட்டும் அவர் காதுபடச் சொல்லக் கூடாது. "வச்சிட்டுப் போயிருக்காங்க," என்று திருத்துவார். மூன்று மாதம் ஆகியும் யாரும் வராத பொருளைக் கழித்துவிடுவது கொட்டகையின் வழக்கம். முதலாளி கணக்குப் பார்க்க வருகிற அன்று, பழையதையெல்லாம் புதிய டோக்கனுக்கு மாற்றி, இன்றைக்குத்தான் வந்த மாதிரி முன்வரிசையில் அடுக்கிவிடுவார் அக்கா. முதலாளிக்கும் அது தெரியும்.

"ஏம்மா, இந்த ஒத்தைக் குடை போன தீபாவளிக்கும் இங்கதானே இருந்துச்சு?"

"அது வேற குடைங்க."

"இது என்ன கடையா, மியூசியமா?"

அக்கா குடையைத் துடைப்பார்.

அவருடைய அந்த நம்பிக்கையை இன்னும் உறுதியாக்கியதில் இரண்டு சகோதரர்களுக்குப் பங்கு உண்டு. நான் சேர்ந்த புதிதில் நடந்தது. இரண்டு பேர், மொட்டையடித்த தலையோடு வந்தார்கள். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் அப்பாவின் அஸ்தியைக் கரைக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டு ஐயரைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பைகளை வைத்தார்கள். அதோடு மஞ்சள் துணி கட்டிய ஒரு கலயம். திரும்பி வரும்போதே தெருவில் சண்டை. வீட்டை யாருக்கு எழுதினார் என்கிற சண்டை. ஆளுக்கு ஒரு பையைப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள். கலயம் இங்கேயே நின்றுவிட்டது.

முதலாளி பயந்துபோனார். "ஆத்துல கொண்டு போய்க் கரைச்சிடும்மா. புண்ணியமாப் போகும்."

"அவங்க அப்பாங்க அது. நான் எப்படிக் கரைக்கிறது?"

மேல் தட்டில் தனியாக இடம் ஒதுக்கி, பக்கத்தில் செருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். நாலாம் நாள் அண்ணனும் தம்பியும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அண்ணன், தம்பி எடுத்துப் போயிருப்பான் என்று இருந்திருக்கிறார். தம்பி, அண்ணன் எடுத்துப் போயிருப்பார் என்று இருந்திருக்கிறான். அப்போதும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அக்கா கலயத்தை இருவருக்கும் நடுவில் நீட்டினார். கொஞ்ச நேரம் யார் கையும் வரவில்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே வாங்கிக்கொண்டார்கள்.

"பாத்தியா தம்பி," என்றார் என்னிடம்.

அந்தப் புத்தகம் வந்தது அதற்குப் பிறகு. ஐந்தாறு இளைஞர்கள் பைகளை வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போனார்கள். திரும்பி வந்து எடுத்துப் போனதில் ஒரு துணிப்பை மட்டும் குறைந்துவிட்டது. விலாசம் இருக்குமா என்று அக்கா திறந்து பார்த்தார். உள்ளே ஒரே ஒரு புத்தகம். கறுப்பு அட்டை, செங்கல் கனம். உள்ளே முழுக்கப் படம். ஜப்பான்காரன் போட்ட படக்கதை என்று பிறகுதான் தெரிந்தது. எழுத்தெல்லாம் ஆங்கிலம். அக்கா ஐந்தாவது வரை தமிழ் படித்தவர். நானும் ஆங்கிலத்தில் என் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் அக்கா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பார். கையைப் புடவையில் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். அடுத்தவர் பொருள். ஒரு மாதத்தில் முழுக் கதையும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பைகளுக்கு நம்பர் கட்டிக்கொண்டே நான் கேட்பேன்.

"மொத மொதல்ல ஒருத்தன் தனியா நிக்கிறான் தம்பி. ஒத்தக் கால். கட்டையை ஊனிக்கிட்டு. பனி கொட்டுது. முதுகுல ஒரு கேடயம், நம்ம கொட்டகைக் கதவு அகலத்துக்கு இருக்கு."

"அப்புறம்?"

"நடந்து நடந்து ஒரு மைதானத்துக்கு வந்து சேர்றான். அங்க எல்லாரும் செத்துக் கிடக்காங்க. இவனும் அவங்களோட படுத்துக்கிறான். அப்புறம் பேய்ங்க வருது. உடம்பு பூரா வாய் அதுங்களுக்கு. ஒவ்வொரு வாயாத் திறந்து, முழுங்கின ஆளையெல்லாம் வெளிய விடுது. ஓநாய்த் தலையோட ஒண்ணு இருக்கு. அது இவனோட காலைக் கவ்விட்டு வந்து திருப்பி ஒட்ட வச்சிடுது."

"பேயா ஒட்ட வைக்குது?"

"பேய்தான். மூஞ்சிதான் அப்படி. பண்றதெல்லாம் நல்ல வேலை." அக்கா சிரித்து நான் பார்த்தது இப்படிப்பட்ட நேரங்களில்தான். "அப்புறம் சண்டை. விழுந்தவன்லாம் எந்திரிக்கிறான். கடைசியா எல்லாரும் காட்டுல நெருப்பு மூட்டி, சட்டி வச்சு, சுத்தி உக்காந்து சாப்பிடுறாங்க. பதினோரு பேரு. எண்ணிப் பாத்துட்டேன், ஒருத்தரும் குறையல."

அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பார்.

அவருடைய மகனைப் பற்றி எனக்குச் சொன்னவர் முதலாளி. ஒரு நாள் டீ குடிக்கும்போது, அதுவும் கேட்காமலேயே. பத்தொன்பது வயதில் போர்வெல் லாரியில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போனவன். ஆறு வருடம் ஆகிவிட்டது. நாக்பூரிலிருந்து ஒரு தடவை பேசியிருக்கிறான். பிறகு அந்த நம்பர் இல்லை. வண்டிக்காரர், அவன் பாதியில் இறங்கிப் போய்விட்டான் என்கிறார். கூடப் போன பையன்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவனுக்கு இடது காலில் இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறி இருக்கும், பிறந்ததிலிருந்து அப்படி.

வடக்குச் சித்திரை வீதியிலிருந்து ஒரு மாமி வாரா வாரம் வருவார். "ஏன்டிம்மா, பாலக்கரைலேர்ந்து தெனம் இவ்வளவு தூரம் வரணுமா? அங்கயே ஒரு வேலை பாத்துக்கப்படாதோ?" என்று அவர் ஒரு தடவை கேட்டார்.

"ஊர் உலகத்துல இருக்கிற எல்லாரும் ஒரு நாள் ரங்கம் வருவாங்க மாமி. வந்தா செருப்பைக் கழட்டித்தானே ஆகணும்," என்றார் அக்கா. மாமி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போது விஷயம் தெரிந்திருந்தது. அதன் பிறகு வருகிறவர்களின் இடது காலை நானும் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம் கால் வரும். எவ்வளவு பார்த்தாலும் அவை வெறும் கால்கள்தான். அந்த வேலையை ஆறு வருடம் எப்படிச் செய்தார் என்று தெரியவில்லை.

கார்த்திகையில் நான் பழைய செல்போன் ஒன்று வாங்கினேன். அதே மாதம் ஒரு கல்லூரிப் பெண் ஹெல்மெட்டை வைக்க வந்தவள், அக்கா மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அக்கா, இது நீங்க படிக்கிறீங்களா?"

"வச்சிட்டுப் போயிருக்காங்கம்மா. சும்மா பாக்குறேன்."

"செம கதைக்கா. முப்பது வருஷமா வந்துட்டு இருக்கு. இன்னும் முடியல."

"முடியலியா?"

"நின்னு நின்னு வரும். வரையிறவருக்கு முடியலன்னா ரெண்டு வருஷம்கூட வராது. கார்ட்டூனா ரெண்டு மூணு தடவை எடுத்துட்டாங்க. எதுலயும் முழுசா இல்ல, பாதியிலயே நின்னுடும். இந்த புக்ல இருக்கிற வரைக்கும் ஒரு படமா இருக்கு. அண்ணா, போனைக் குடுங்க, போட்டுத் தரேன்."

அவள் போன பிறகு அக்கா ரொம்ப நேரம் டோக்கன்களை உருட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் முடியலன்னா, இதுக்கு அப்புறமும் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார்.

"ஆமாக்கா."

படத்தைப் பார்க்கலாம் என்று சொன்னது நான். அவர் கேட்கவில்லை. எனக்கு அந்த மதிய நேரங்கள் பிடித்திருந்தன. யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து எதையும் பார்த்துப் பழக்கமில்லாத எனக்கு, ஒருவருக்கு ஒன்றைக் காட்டுவது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

மூன்று மதியம் பார்த்தோம். போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்தேன். படம் நெருப்பைச் சுற்றி எல்லாரும் சாப்பிடுவதில் தொடங்கியது. கடைசியில் வரவேண்டியதை முதலிலேயே காட்டுகிறானே என்று நான் நினைத்தேன். அக்கா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் வாய் திறந்து பேசியதும், "பேசுறாங்க தம்பி," என்றார். கேடயக்காரனின் குரல் மெல்லியதாக இருந்தது. "இவ்வளவு ஒடம்பை வச்சிக்கிட்டு என்ன குரல் பாரு." இரண்டாம் நாள் அவர்கள் பாட்டுப் பாடினார்கள், ஒருவன் இன்னொருவனை ஆற்றில் தள்ளிவிட்டான், அக்கா சத்தமாகச் சிரித்தார். மூன்றாம் நாள் வானம் கறுத்துப் பேய்கள் இறங்கின. ஓநாய்த் தலை காலைக் கவ்வியது. ஒட்ட வைக்கவில்லை. பிய்த்துக்கொண்டு போனது. ஒவ்வொருவராக, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே செத்துப்போனார்கள். யாரோ பை கேட்டு வந்தார், நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா போனைக் கையில் எடுத்து, அணைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நாம் முதல் பக்கம் என்று திறக்கிற இடத்தில் ஒரு தாள் இருந்தது. அதில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று வலப்பக்கத்திலிருந்து நம்பர். அவர்கள் ஊரில் புத்தகத்தை அந்தப் பக்கத்திலிருந்து திறப்பார்கள் போலிருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, நாம தலைகீழா..."

"நம்பர் எனக்குத் தெரியாதா தம்பி? பொழுதன்னைக்கும் நம்பரோடதானே உக்காந்திருக்கேன்."

நான் புத்தகத்தை மூடினேன்.

"மொத தடவை அந்தப் பக்கமாத்தான் பாத்தேன். ஒரு தடவை போதும்னு இருந்துச்சு. அப்புறம் நம்ம பக்கமா பாக்க ஆரம்பிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு." புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தார். "புத்தகத்துப் படத்துல சத்தம் கிடையாதுல்ல. அதனால முடிஞ்சுது. இனிமே எந்தப் பக்கமாத் திறந்தாலும் கத்துறது கேக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. டோக்கன் தொலைந்துபோச்சு என்று வருகிறவரிடம் பேசுகிற அதே குரல்.

மறுநாள் பலகையை எடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். செருப்பைக் காலால் தள்ளச் சொல்லி, பார்க்காமலே கையை நீட்டி எடுத்தார். வாரா வாரம் வருகிற மாமி, "என்னடி, என்னைத் தெரியலையா?" என்றபோது, "கூட்டம் மாமி," என்றார். கூட்டம் இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் யாருடைய காலையும் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். ஒரு இடது காலையும் விட்டுவிடக் கூடாதே என்று பை தூக்குகிற வேலையில் தப்புத் தப்பாக நம்பர் கொடுத்தேன்.

சனிக்கிழமை முதலாளி வந்தார். வழக்கம்போல அலமாரியைக் காட்டி, "இதெல்லாம் எப்பம்மா கழிக்கிறது?" என்றார்.

"எடுத்துக்கோங்க," என்றார் அக்கா.

முதலாளி என்னைப் பார்த்தார். "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, "பாப்போம், பாப்போம்," என்று எதையும் எடுக்காமல் போய்விட்டார்.

எனக்கு ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது. இப்படித்தான் நான் எல்லா ஊரையும் விட்டிருக்கிறேன். பையைக்கூடக் கட்டிவிட்டேன். அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தை அழிக்கப் போனபோது, விரல் பட்டு அது பின்னால் நகர்ந்தது. விரலை இடப்பக்கமாக இழுக்க இழுக்க, பெயர்கள் கீழே இறங்கிப் போயின. பனி மேலே போனது. விழுந்து கிடந்த ஒருவன் எழுந்தான். நான் படத்தை அழிக்கவில்லை.

மறுநாள் மதியம் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, போனோடு அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"வேணாம் தம்பி."

"சத்தம் வராதுக்கா. பாருங்க."

கடைசியிலிருந்து விரலை மெதுவாக இழுத்தேன். வேகமாக இழுத்தால் தாவிவிடும். மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டியிருந்தது. அக்கா முதலில் வாசலைப் பார்த்தபடி இருந்தார். பேய்கள் வாயைத் திறந்து ஆட்களை வெளியே விட்டன. ஓநாய்த் தலை பின்னாலேயே நடந்து வந்து காலைப் பொருத்திவிட்டு விலகிப்போனது. அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். வானம் வெளுத்தது. ஆற்றில் விழுந்தவன் கரைக்குத் தாவி ஏறினான். பாட்டுப் பாடிய வாய்கள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டன. நெருப்பு வந்தது. சட்டி வந்தது. சுற்றிலும் தலைகள்.

"நிறுத்து," என்றார்.

நிறுத்தினேன். ஆனால் அது மட்டமான போன். விரலை எடுத்தால் அந்த இடத்திலிருந்து படம் மறுபடி முன்னால் ஓடத் தொடங்கிவிடும். அதைச் சொன்னேன்.

"எடுக்காத. அப்படியே வச்சிரு."

வாசலில், மழை மாதத்துக்குப் பொருந்தாத வெயிலில், ஒரு பெரியவர் டோக்கனோடு வந்து நின்றார். "அம்மா, செருப்பு. கால் சுடுது."

அக்கா திரும்பவில்லை. "சாக்கு மேல நில்லுங்க ஐயா, இதோ வரேன்."

"நான் எடுத்துக் குடுக்கவாக்கா?" என்றேன்.

"நீ விரலை எடுக்காத தம்பி."

என் கட்டைவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. பெரியவர் சாக்கின் மேல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். அக்கா திரைக்குக் கிட்டே குனிந்து, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று வந்ததும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.